பதினைந்து பாகைக்குக் கீழே

கரிசல் மண்ணின் ஈரத்தைச் செயற்கைக்கோள்களைக் கொண்டு அளக்கும் ஆசிரியை ஒருவர் இருந்தார். பெயர் செல்வரதி. அவரிடம் மாணவராகச் சேர்ந்த சுடலைமுத்து அவரைவிட வயதில் மூத்தவர். நில அளவை வேலையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வந்தவர்.

பாடம் எளிது. வழிகாட்டும் செயற்கைக்கோள் அனுப்பும் அலை, வயலில் நட்ட கம்பத்தின் ஆன்டெனாவுக்கு நேராகவும் வரும். மண்ணில் பட்டுத் திரும்பியும் வரும். இரண்டும் கலக்கும் விதம் ஈரமண்ணில் ஒரு மாதிரி, காய்ந்த மண்ணில் வேறு மாதிரி. அதைக் கணக்கிட்டால் மேல்மண்ணின் ஈரம் தெரியும்.

சுடலைமுத்துவின் கம்பம் சீனியம்மாளின் மானாவாரி நிலத்தில் நின்றது. போன புரட்டாசியில் முதல் தூறலை நம்பி சீனியம்மாள் விதைத்த உளுந்து, முளையிலேயே கருகிப்போனது. இந்த ஆண்டு வீட்டில் ஒரு விதைப்புக்குத்தான் விதை இருந்தது. கம்பம் சொல்லட்டும் என்று காத்திருந்தார்.

மழை பெய்தது. வரைபடத்தில் கோடு அசையவில்லை. பொறுங்கள் என்றார் சுடலைமுத்து. மறுபடியும் பெய்தது. கோடு அப்படியே கிடந்தது. கண்ணுக்கு மண் நனைந்துதான் தெரிந்தது. ஆனால் அவர் கண்ணை நம்பி அளப்பவர் அல்ல. இன்னும் பொறுங்கள் என்றார். அக்கம்பக்கத்தார் விதைத்து முடித்துவிட்டார்கள்.

செல்வரதி பார்க்க வந்தார். கோளாறு மண்ணிலா கருவியிலா என்று கேட்டார் சுடலைமுத்து. அதற்குப் பதில் வருமுன், சீனியம்மாள் வெள்ளாட்டை இழுத்துக்கொண்டு வரப்பில் வந்தார். இருவரையும் கும்பிட்டார். பிறகு ஆட்டிடம் சொன்னார்:

"ஏ மூதி, ஊரெல்லாம் வெதச்சாச்சு. ஒனக்கு மட்டும் இன்னும் சேதி வரல, என்ன? பெரிய படிப்புப் படிச்சிருக்கியோ? பதம் போனப்பொறவு சொல்லு. வெதைய வறுத்துத் தாரேன், தின்னு."

ஆட்டோடு கடந்து போய்விட்டார்.

"என்ன சொல்லிவிட்டுப் போகிறார்?" என்றார் செல்வரதி.

"ஆட்டைத் திட்டுகிறார், மேடம்."

"உங்களிடம்?"

"ஒன்றும் சொல்லவில்லை. தினமும் கும்பிட்டுவிட்டுத்தான் போகிறார்."

"ஆட்டையும் தினமும் திட்டுவாரா?"

"இந்த வாரம் கொஞ்சம் அதிகம்."

செல்வரதி மடிக்கணினியில் அசையாத கோட்டைப் பார்த்தார். பிறகு, கணக்கிடும்போது எந்த அலைகளைத் தள்ளிவிடுகிறீர்கள் என்று கேட்டார்.

"அடிவானத்திலிருந்து பதினைந்து பாகைக்குக் கீழே வருவது எல்லாவற்றையும். அளவை வேலையில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள், மேடம். தாழ்வாக வருவதில் தரையில் பட்டு வந்தது கலந்திருக்கும். அது இடத்தைப் பிசகாகக் காட்டிவிடும்..."

முடிக்கும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. இந்தக் கம்பத்துக்கு வேண்டியதே தரையில் பட்டு வருவதுதான்.

செல்வரதி மடிக்கணினியை அவர் பக்கம் நகர்த்தினார்.

சுடலைமுத்து அந்த வரம்பைத் தளர்த்திவிட்டு மறுபடி கணக்கை ஓட்டினார். முதல் மழையில் கோடு ஏறியிருந்தது. இரண்டாம் மழையில் இன்னும் ஏறி, நேற்றிலிருந்து இறங்கத் தொடங்கியிருந்தது. இன்றைக்கே விதைத்தால் முளைக்கும்; தள்ளிப்போனால் சொல்ல முடியாது.

அவர் எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். பக்கத்து நிலத்து ஐயாத்துரை சீனியம்மாளுக்குச் சொந்தம்தான். ஈரம் இருக்கிறதாம் என்று அவரிடம் பேச்சோடு பேச்சாகப் போட்டுவைத்தால், போக வேண்டிய காதுக்குப் போய்விடும் என்றார்.

"உங்களைத் திட்ட முடியாததால் அந்த அம்மா ஆட்டைத் திட்டினார்," என்றார் செல்வரதி. "நீங்கள் நேரில் போய்ச் சொல்வதற்கு யார் தடை?"