லூஸா விடுங்க

"எனக்கு எப்ப மேடம் ஊசி தருவீங்க?"

தஸ்லிமா மேடம் வேர்க்கடலை உரிச்சுக்கிட்டு இருந்தாங்க. நிமிந்துகூட பாக்கல.

"எதுக்கு?"

"எதுக்கா? காது குத்தவா கேக்குறேன்? ட்ரை நீடிலிங் பண்ணத்தான். ஒர்க்‌ஷாப் போயி முறையா கத்துக்கிட்டு வந்திருக்கேன். சர்டிபிகேட் இருக்கு. நீங்க என்னைய வெந்நி ஒத்தடம் குடுக்க வச்சிருக்கீங்க. அதுக்கு எங்கம்மாவே போதும்."

"வரச் சொல்லு. ஆளு பத்தல."

இதுதான் மேடம். கேள்வி கேட்டா பதில் வராது. பதில் மாதிரி ஒண்ணு வரும்.

மதுரையில ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மாடியில இருக்கு எங்க பிசியோதெரபி கிளினிக். கிளினிக் அவங்களோடது. நான் மேல்படிப்பு படிக்கிறவ, ட்ரெய்னிங்குக்கு வந்திருக்கேன். எனக்கும் அவங்களுக்கும் ஆறே வயசுதான் வித்தியாசம். அதுவே பாதி கடுப்பு.

"நான் என்ன தப்பு பண்ணேன்னாவது சொல்லுங்க மேடம்."

"கடலை எடுத்துக்க."

எடுக்கல.

 

அப்பதான் ஒருத்தர் படியேறி வந்தாரு. வலது முழங்கைய இடது கையால தாங்கிப் பிடிச்சிருந்தாரு. பேரு சோணைமுத்து. பரோட்டா மாஸ்டர்.

"வீச்சு போட முடியலம்மா. மாவச் சுழட்டி வீசுனா இங்கன கொத்துது."

தோளோட முன்பக்கத்தத் தொட்டுக் காட்டுனாரு.

ஸ்கேன் கையோட கொண்டு வந்திருந்தாரு. உள்ள கிழிசல் ஒண்ணும் இல்ல. எலும்பும் நல்லாத்தான் இருந்துச்சு. தசைதான் பிடிச்சிருக்குன்னு டாக்டரே இங்க அனுப்பியிருக்காரு.

மேடம் கேட்டாங்க, "கடையில என்ன சொல்றாங்க?"

"என்னைய வெங்காயம் வெட்ட உக்கார வச்சுட்டாரு மொதலாளி. கல்லுல புதுசா ஒருத்தன் நிக்கிறான். ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பாராம். அன்னைக்கும் என்னால வீச முடியலைன்னா அவன்தான் மாஸ்டராம்."

கண்ணு செவந்திருந்துச்சு. நாங்க பாக்குறதப் பாத்துட்டு தொடச்சுக்கிட்டாரு.

"வெங்காயம்மா," ன்னாரு.

மேடம் கடலத்தோல ஒதுக்கி வச்சாங்க. கையக் கழுவுனாங்க. அவரு கைய ஏத்தி, எறக்கி, திருப்பிப் பாத்தாங்க. அப்புறம் என்னையப் பாத்தாங்க.

"ரெஜினா. ஊசி கேட்டியே. போடு."

 

எனக்கு சந்தேகமே இல்ல. வலி முன்னாடி இருந்தாலும் அதுக்கு மூலம் பின்னாடி. தோள்பட்டையில பலகை மாதிரி ஒரு எலும்பு இருக்குல்ல, அது மேல படிஞ்சிருக்கற தசை. கைய வெளிப்பக்கமா சுழட்டுறதே அதுதான். அது இறுகுச்சுன்னா வலி முன்பக்கம் வந்து நிக்கும். பரீட்சையில எழுதி மார்க்கும் வாங்கியிருக்கேன்.

அவரக் கவுந்து படுக்கச் சொன்னேன். புக்குல எந்த எடத்துல பெருக்கல் குறி போட்டிருக்கோ, அச்சு அசலா அதே எடத்துல பேனாவால குறி போட்டேன்.

"இதுல என்ன மருந்தும்மா?" தலையத் திருப்பிக் கேட்டாரு.

"மருந்தே கெடையாதுண்ணே. வெறும் ஊசி."

"வெறும் ஊசிக்கா மாடியேறி வந்தேன்?"

"அண்ணே, தசை இறுகிப் போயி உள்ள கயிறு மாதிரி முறுக்கிக்கிட்டு நிக்கும். அந்த முடிச்சுல ஊசி பட்டா தசை ஒருதடவ வெடுக்குன்னு துடிக்கும். துடிச்சா முறுக்கு விடும். அவ்வளவுதான்."

"துடிக்கலைன்னா?"

"துடிக்கும்."

கட்டை விரல வச்சு அமுக்குனேன். அவரு "ஸ்ஸ்" ன்னாரு. இன்னும் அமுக்குனேன்.

"லூஸா விடுங்கண்ணே."

"லூஸாத்தாம்மா இருக்கேன்."

"எங்க இருக்கீங்க? கல்லு மாதிரி வச்சிருக்கீங்க. விடுங்க!"

க்ளவுஸ் போட்டு, ஸ்பிரிட் தொடச்சு, புது ஊசியப் பிரிச்சு எறக்குனேன். முடி மாதிரி மெலிசான ஊசி. துடிக்கல. கொஞ்சம் வெளிய இழுத்து வேற பக்கமா சாச்சு விட்டேன். துடிக்கல. அவரு கட்டில் கம்பிய எட்டிப் பிடிச்சாரு.

"கம்பிய விடுங்க! தோள லூஸா விடுங்க! எத்தன தடவ சொல்றது?"

"எங்க மொதலாளி மாதிரியே அதட்டுறியேம்மா."

திரும்பவும் சாச்சேன். அவரு பல்லக் கடிக்கிற சத்தம் எனக்கே கேட்டுச்சு.

"எடு," ன்னாங்க மேடம்.

"மேடம், இன்னும் ஒரே..."

"எடு."

எடுத்து ஊசி டப்பாவுல போட்டேன். மேடம் அவரு தோள்ல சுடுபை வச்சு, மேல ஒரு துண்டப் போத்துனாங்க.

"அண்ணே, அப்பிடியே படுத்திருங்க. நாங்க இந்தா வாரோம்."

 

பக்கத்து ரூம்ல நான் மொத ஆளா ஆரம்பிச்சேன்.

"எடம் சரிதான் மேடம். புக்குல அதேதான்."

"புக்குக்குப் போட்டிருந்தா துடிச்சிருக்கும்."

"அவரு தோள விறைப்பா வச்சிருந்தாரு. லூஸா விடுங்கன்னு நானும் கத்திப் பாத்துட்டேன். வேணும்னே பண்ணா நான் என்ன செய்ய?"

"வேணும்னேவா பண்ணாரு?"

"பின்ன? அவரு தோள வேற யாரு பிடிச்சு வச்சிருக்கா?"

எங்க கிளினிக்குல ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடி இருக்கு. ஆளுங்க நேரா நிக்கிறாங்களா, கோணி நிக்கிறாங்களான்னு பாக்குறதுக்காக அதுல கட்டம் கட்டமா கோடு போட்டிருக்கும். என்னைய அது முன்னாடி கொண்டுபோயி நிறுத்துனாங்க.

"தோள எறக்கு."

"எறக்கித்தான இருக்கேன்?"

"பாரு."

பாத்தேன். வலது தோளு இடதுக்கு மேல ஒரு கட்டம் தள்ளி நின்னுச்சு. எறக்குனேன்.

"இப்ப பேசு."

"என்னத்தப் பேச?"

"என் மேல இருக்கற கோவத்தப் பேசு. கண்ணாடியப் பாத்துப் பேசு."

இத வேற கேக்கணுமா?

"சொல்றேன். நீங்க எதையும் ஒழுங்கா சொல்லித் தர்றதில்ல. கேள்வி கேட்டா கடலை குடுக்குறீங்க. எங்கூட படிச்ச எல்லாரும் இந்நேரம் ஊசி போடுறாளுக. நான் மட்டும் இங்க ஒத்தடம் குடுத்துக்கிட்டு துண்டு மடிச்சுக்கிட்டு இருக்கேன். சாயங்காலமானா தலைவலி வேற, இந்தா, இந்த வலது நெத்திப்பொட்டு கிட்ட, தெனம் தெனம்..."

நிறுத்திட்டேன்.

கண்ணாடியில தோளு ஏறியிருந்துச்சு. காதத் தொடப் போற மாதிரி.

"யாரு ஏத்துனா?" ன்னு கேட்டாங்க.

"நான் ஏத்தல மேடம்."

"அப்ப யாரு?"

மறுபடி எறக்கப் பாத்தேன்; எறங்கல.

மேடம் கைய என் தோள் மேல வச்சாங்க. அமுக்கல. சும்மா வச்சாங்க. ரொம்ப நேரம் வச்சிருந்தாங்க, பஸ்ஸுல பக்கத்து சீட்டுல தூங்குறவங்க கை வந்து விழுமே, அது மாதிரி. அப்புறம் தசைய மட்டும் ரெண்டு விரலால மெதுவா மேல தூக்கிப் பிடிச்சாங்க. சுருக்குன்னு எனக்கு வலிச்சுச்சு. தோள்ல இல்ல. வலது பொட்டுல.

"இதான் மேடம்! இதான் என் தலைவலி! அதெப்பிடி உங்க கையில..."

"போடவா?"

"போடுங்க. எனக்கென்ன பயமா?"

என்னைய ஒருக்களிச்சுப் படுக்க வச்சாங்க. பிடிச்ச பிடிய விடாம, ஊசி நுரையீரல் பக்கம் போகாதபடி தசைய நல்லா தூக்கி வச்சுக்கிட்டுப் போட்டாங்க. ஊசி எறங்குனது தெரியல. ஆனா அடுத்த நொடி, பழைய டியூப் லைட் பத்துறதுக்கு முன்னாடி ஒரு வெட்டு வெட்டுமே, அப்பிடி ஒரு வெட்டு. நான் ஆட்டல. அதுவா ஆடுச்சு.

ஊசிய எடுத்துட்டு மறுபடி கண்ணாடி முன்னாடி நிறுத்துனாங்க.

ரெண்டு தோளும் ஒரே கோட்டுல இருந்துச்சு.

"லூஸா விடுன்னு நான் சொன்னனா?" ன்னு கேட்டாங்க.

கேட்டுட்டு கடலைத் தட்டு பக்கம் போயிட்டாங்க.

 

நான் சோணை அண்ணன்கிட்ட திரும்பிப் போனேன். சுடுபைய எடுத்தேன். பேனாவுல போட்ட பெருக்கல் குறி இன்னும் அங்கதான் இருந்துச்சு. ஸ்பிரிட்ட பஞ்சுல நனச்சு அழிச்சேன்.

கைய வச்சேன்.

அமுக்காம வைக்கிறது எவ்வளவு கஷ்டம்னு அப்பதான் தெரிஞ்சுச்சு. விரல் அதுவா அமுக்கப் பாக்குது. ஒவ்வொரு தடவயும் அவரு தசை எதுத்து நிக்குது. நான் விட்டா அதுவும் கொஞ்சம் விடுது.

எதாச்சும் சொல்லணும்னு நாக்கு துருதுருன்னுச்சு. சொல்லல.

கொஞ்ச நேரம் கழிச்சு அவரு மூச்சு நீளமாச்சு. என் விரலுக்குக் கீழ என்னமோ இருந்துச்சு. கயிறு. அழிச்ச குறிக்கு ரெண்டு விரக்கடை கீழ. குறுக்க தடவுனா உருளுது. அதுல ஒரு எடத்துல கடலப் பருப்பு மாதிரி ஒரு முண்டு. அத லேசாத் தொட்டதும் அவரு முனகுனாரு.

"அதேதாம்மா. அங்க தொட்டா முன்னாடி கொத்துது பாரு."

புது ஊசி எடுத்தேன்.

"சீக்கிரம் போட்டு விடும்மா," ன்னாரு. "இன்னும் எவ்வளவு நேரம்?"

"போட்டாச்சுண்ணே."

"எப்ப...?"

துடிச்சுச்சு. வெடுக்குன்னு, என் விரலுக்கே அடி விழுந்த மாதிரி.

"யாத்தே!"

"அவ்வளவுதாண்ணே."

எழுந்து உக்காந்தாரு. கையத் தூக்குனாரு. வெறுங்கையில மாவு இருக்கற மாதிரி ஒரு வீச்சு வீசிப் பாத்தாரு.

"முழுசாப் போகலம்மா. ஆனா பூட்டு கழண்ட மாதிரி இருக்கு."

"ஒரே தடவையில போகாதுண்ணே. நாளைக்கு அடிபட்ட மாதிரி வலிக்கும், பயப்படாதீங்க, அதுவா போயிரும். வெள்ளிக்கெழம திரும்ப வாங்க. இப்ப ரெண்டு பயிற்சி சொல்லித் தாரேன், அத வீட்டுல செய்யணும். ஊசி கதவத் தெறக்கும், நடக்க வேண்டியது நீங்கதான்."

மேடம் வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தாங்க.

"டயலாக்கு நல்லாருக்கு," ன்னாங்க. "துண்ட மடி."

 

வெள்ளிக்கெழம வந்தாரு. கை இன்னும் மேல போச்சு. வலி கொஞ்சம்தான் மிச்சம்.

ஞாயித்துக்கெழம சாயங்காலம் நான் அந்தக் கடைக்குப் போனேன். பரோட்டா சாப்பிடத்தான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

கூட்டம் நெறைய. சோணை அண்ணன் கல்லுல நின்னாரு. பக்கத்துலயே அந்தப் புது ஆளு, கையக் கட்டிக்கிட்டு. மொதலாளி கல்லாவுல இருந்து எட்டி எட்டிப் பாத்தாரு.

"சோணை! மூணாம் டேபிள் என்னாச்சு?"

சோணை அண்ணன் தோளு கொஞ்சம் ஏறுச்சு.

"கைய ஆட்டுய்யா! தூங்குறியா?"

இன்னும் ஏறுச்சு.

உருண்டைய எடுத்துத் தட்டி வீசுனாரு. பாதியில கை நின்னுச்சு. மாவு ஓரத்துல கிழிஞ்சுச்சு. புது ஆளு சிரிச்சான்.

"இன்னைக்கு ஒருநாள்தான் சோணை! ஞாபகம் இருக்கட்டும்!"

தோளு காதுகிட்ட போயிருச்சு.

"அண்ணே, தோள லூஸா விடுங்க" ன்னு கத்த வாயத் தெறந்தேன். மூடிக்கிட்டேன்.

அந்த மொதலாளிய நாலு கேள்வி கேக்கலாம்னு திரும்புனேன். கேள்வியெல்லாம் தயாரா இருந்துச்சு, ஒண்ணொண்ணும் நறுக்குன்னு. கை கழுவுற எடத்துல ஒரு கண்ணாடி. அதுல என் தோளு தெரிஞ்சுச்சு.

எறக்குனேன்.

நேரா கல்லுகிட்ட போனேன்.

"அண்ணே."

"வாம்மா! இந்தா, ரெண்டே நிமிசம், வெரசாப் போட்டுத் தாரேன்."

"அவசரமே இல்லண்ணே."

அவரு என்னையப் பாத்தாரு.

"மெதுவாப் போடுங்க. எனக்கு நேரம் கெடக்கு." ஒரு ஸ்டூல இழுத்து கல்லு பக்கத்துலயே போட்டு உக்காந்தேன்.

கல்லாவுல இருந்து மறுபடி சத்தம் வந்துச்சு. என்ன சொன்னாருன்னு எனக்குக் கேக்கல. சோணை அண்ணனுக்கும் கேக்கலன்னு நெனைக்கிறேன்.

ஒரு மூச்சு விட்டாரு. தோளு எறங்குச்சு.

அடுத்த உருண்டைய எடுத்துத் தட்டுனாரு. வீசுனாரு. மாவு கையவிட்டுப் போயி, துணி மாதிரி விரிஞ்சு, கல்லு மேல வந்து படுத்துச்சு. ஓரம்கூட கிழியல.

புது ஆளு கட்டியிருந்த கைய அவுத்தான். வெங்காயக் கூடை எங்க இருக்குன்னு திரும்பிப் பாத்தான்.