தேயிலைக்குள் விழாத பந்து

“மேடம், மைதானம் ரொம்பப் பெருசு. எல்லைக் கயித்தை உள்ள தள்ளிக் கட்டச் சொல்லுங்க” என்றார் பொன்னுரங்கம்.

நசீமா சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“எவ்வளவு உள்ள?”

“ஒரு முப்பது அடி. இல்ல மேடம், எழுபது அடி.”

பொன்னுரங்கத்துக்கு வயது ஐம்பத்து மூன்று. வால்பாறைக்கு மேலே ஓர் எஸ்டேட் பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். நசீமாவுக்கு முப்பதுதான். முப்பது வருஷம் கபடி சொல்லிக்கொடுத்த மனிதருக்கு, போன மே மாத முகாமில், பேஸ்பால் மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்று காட்டிக்கொடுத்தவர் நசீமா. அன்று முதல் என்ன சந்தேகம் வந்தாலும் பொன்னுரங்கம் அவரிடம்தான் போவார்.

இன்று வந்தது சந்தேகத்தோடு அல்ல. வயிற்றெரிச்சலோடு.

எஸ்டேட் பள்ளி மைதானம் உள்ளங்கை அகலம். மூன்று பக்கமும் தேயிலைச் சரிவு. பந்து தேயிலைக்குள் போய்விட்டால் ரத்தம் குடிக்கும் அட்டைக்குப் பயந்து யாரும் தேடப் போக மாட்டார்கள். ஹோம் ரன் என்று வைத்துக்கொள்வார்கள். அடித்தவள் மூன்று பேஸையும் சாவகாசமாகச் சுற்றி வந்து, அடித்த இடமான ஹோம் பிளேட்டை மிதித்தால் போதும்.

புஷ்பலீலா அப்படித்தான் சுற்றுவாள். பதிமூன்று வயது. ஒரே நாளில் பதினோரு தடவை தேயிலைக்குள் அடித்தவள். ஒவ்வொரு தடவையும் வழியில் நிற்கிறவர்களிடம் கதை பேசிக்கொண்டே நடந்து வந்தாள்.

பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான போட்டி என்று சமவெளிக்கு இறங்கி, இந்தக் கல்லூரி மைதானத்துக்கு வந்தார்கள். காலையில் முதல் ஆட்டம். புஷ்பலீலா அதே அடிதான் அடித்தாள். பந்து மேலே போயிற்று, போயிற்று, போய்க்கொண்டே இருந்தது. பிறகு இறங்கி, அங்கே காத்துக்கொண்டிருந்த ஒருத்தியின் கையுறையில் உட்கார்ந்தது.

அவுட்.

நாலு தடவை அடித்தாள். நாலும் அப்படியே. பதினொன்றுக்கு ஒன்று என்று தோற்றார்கள். மதிய ஆட்டமும் போனால் மலையேறுகிற பஸ்தான்.

“அந்தப் பொண்ணு இனிமே மட்டையே தொட மாட்டேன்னு வேப்பமரத்தடியில உக்காந்துட்டா, மேடம். மதியம் எங்களோட ஆடப்போற டீம் கோச்சும் இந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டுட்டார். மைதானப் பொறுப்பு உங்களுது. நீங்க ஒண்ணு போட்டா கயித்தைத் தள்ளிருவாங்க.”

தாளை நீட்டினார்.

நசீமா அதை வாங்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

“போடறேன் சார். அதுக்கு முன்னாடி ஒரு உதவி. நடுவுல, ஃபீல்டர் நிக்கிற எடத்துல போய் நில்லுங்களேன்.”

பொன்னுரங்கம் போனார். போகவே நேரம் பிடித்தது. திரும்பிப் பார்த்தால் நசீமா ஹோம் பிளேட்டில் கைவிரல் உயரத்துக்குத் தெரிந்தார். ஒரு கையில் மட்டை. பக்கத்தில் தரையில் அவருடைய குடை.

“பந்து வரும் சார். புடிச்சுட்டு இங்க எறியணும்!”

நசீமா பந்தைத் தட்டினார். பலமாகக்கூட இல்லை. தரையோடு வந்தது. பொன்னுரங்கம் வலது பக்கம் பாய்ந்தார், கபடிக்காரர் பாய்ச்சல். பந்து ஒரு முழம் தள்ளிப் போய்விட்டது.

துரத்தினார்.

காய்ந்த தரை. தடுக்க ஒரு புதர் இல்லை. அட்டை இல்லை. பந்து அவரைவிடச் சுறுசுறுப்பாக இருந்தது. அது ஒருவழியாக நின்ற இடத்துக்குப் போய், குனிந்து எடுத்து, மூச்சு வாங்கித் திரும்பினார்.

நசீமா குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு இரண்டாவது பேஸைத் தாண்டி நடந்துகொண்டிருந்தார்.

பொன்னுரங்கம் எறிந்தார். பாதி வழியில் விழுந்தது. ஓடிப் போய் எடுத்து மறுபடி எறிந்தார். அதுவும் எட்டவில்லை. மூன்றாவது தடவை குனிந்தபோது நசீமா ஹோம் பிளேட்டின் மேல் நின்று குடையை மடக்கிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெரிய மைதானத்தின் நட்டநடுவில் ஒற்றை ஆளாக நின்று பொன்னுரங்கம் வாய்விட்டுச் சிரித்தார்.

அவர் வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்ததும் நசீமா பேனாவைத் திறந்தார்.

“எங்க கையெழுத்துப் போடணும் சார்?”

பொன்னுரங்கம் அந்தத் தாளை நாலாக மடித்து முகத்துக்கு விசிறிக்கொண்டார்.

“எங்கயும் வேண்டாம், மேடம்.”

நேரே வேப்பமரத்தடிக்குப் போனார்.

“லீலா, உனக்கு ஓடத் தெரியுமா?”

அவள் மூக்கை உறிஞ்சினாள். “தெரியாது சார். நான் எப்பவும் நடந்துதானே சுத்துவேன்.”

“இன்னிக்கு ஓடு. வானத்தைப் பாத்து அடிக்காத. ஆளில்லாத எடமாப் பாத்து, தரையோட அடி. அப்புறம் பந்தைத் திரும்பியே பாக்காத.”

“அப்படி அடிச்சா தேயிலைக்குப் போகாதே சார்?”

“போகாது.”

அவள் யோசித்தாள். பிறகு எழுந்து பின்பக்கத்து மண்ணைத் தட்டிவிட்டாள்.

மதிய ஆட்டம் கூத்தாக இருந்தது. எதிரணி பந்துகளை வானத்துக்கு அனுப்பியது. மலைப்பெண்கள் தரையோடு தட்டிவிட்டு ஓடினார்கள். ஒருத்தி செருப்பில்லாமல் பழகியவள், ஷூவைக் கழற்றிவிடலாமா என்று அம்பயரிடம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாள். கடைசி இன்னிங்ஸில் எட்டுக்கு எட்டு. கடைசியாக அடிப்பது மலைப்பெண்கள்; இன்னும் ஒரு ரன் வந்தால் ஜெயம். இரண்டு பேர் அவுட்.

புஷ்பலீலா வந்தாள்.

முதல் பந்தை விட்டாள். இரண்டாவதையும் விட்டாள். மூன்றாவது அவள் மட்டையில் பட்டு, இரண்டு ஃபீல்டர்களுக்கு நடுவே இருந்த காலியிடத்தில் புகுந்து போயிற்று.

முதல் பேஸை மிதித்தபோது அவள் முகத்தில் பயம் இருந்தது. இரண்டாவதில் பின்னல் அவிழ்ந்தது. மூன்றாவதில் பொன்னுரங்கம் நின்று கையைச் சுழற்றிக் கத்திக்கொண்டிருந்தார். அவரைக் கடந்தபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பந்து இன்னும் வந்து சேரவில்லை. ஹோம் பிளேட்டை மிதித்தாள். ஒன்பது.

தோழிகள் கையை விரித்துக்கொண்டு கட்டிப்பிடிக்க வந்தார்கள். அவர்களுக்கு நடுவே புகுந்து போனாள். நிற்கவில்லை. கோட்டைத் தாண்டி, யாருமில்லாத புல்வெளிப் பக்கம் திரும்பினாள். முடி பறக்க, கையிரண்டும் விரிய, ஓடிக்கொண்டே இருந்தாள்.

நசீமா எழுந்து நின்றார். “சார், ஆட்டம் முடிஞ்சிருச்சு! அந்தப் பொண்ண நிறுத்துங்க, எங்கயோ போறா பாருங்க!”

பொன்னுரங்கம் கண்ணுக்கு மேலே கையை வைத்துப் பார்த்தார்.

“ஓடட்டும், மேடம். எவ்வளவு எடம் கெடக்கு!”