சும்மா இருக்கும் நாள்

என் மகன் எட்வின் போன லெந்து காலத்தில், ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களில், போனில் சொன்னது இது. அவனோடு விமானம் ஓட்டுகிற பெண் நிவேதிதா. அவள் தாயார் நாகர்கோவிலில் தனியாக இருக்கிறார். ஸ்டான்ட்பை நாளில் விமானிகள் சீருடையோடு வீட்டில் காத்திருந்து, கூப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் போய் நிற்க வேண்டும். கம்பெனியோ அதையும் லீவு என்று கணக்கில் கழித்துக்கொண்டது. அதனால் ஆறு மாதமாக அவளால் தாயாரைப் பார்க்க முடியவில்லை.

விமானிகள் சங்கத்தோடு கம்பெனி ஒப்பந்தப் பேச்சு நடத்தியபோது சங்கத்தின் பக்கம் நிவேதிதாவும் உட்கார்ந்திருந்தாள். முதலாளி தணிகாசலம் சிரித்தார்.

"வீட்டுல சும்மா இருக்கிறது லீவுதானே? இல்லைன்னு காட்டுங்க, கையெழுத்துப் போடுறேன். சீக்கிரம், நாளைக்கு நான் லீவு. பழனியில பேத்திக்குக் காதுகுத்து."

"சந்தோஷமாப் போயிட்டு வாங்க சார்," என்றாள் நிவேதிதா. "நாங்க கூப்பிட்டா மட்டும் ஒரு மணி நேரத்துல இந்தச் சென்னை ஆபீசுக்கு வந்துடுங்க."

"என்னம்மா பேசுற? அப்படின்னா நான் வீட்டை விட்டே நகர முடியாதே! அதுக்குப் பேரு லீவா?"

அவள் குறிப்பு எழுதுகிறவரைப் பார்த்தாள். "சார் சொன்னதை அப்படியே எழுதிக்கோங்கண்ணா."

தணிகாசலம் பேனாவை எடுத்தார்.

அந்த வாரமே அவள் ஊருக்குப் போனாளாம். எட்வினுக்கு இன்னும் லீவு முறை வரவில்லை. சர்ச்சில் ஞாயிறு ஆராதனையில் என் பக்கத்தில் அவன் உட்காரும் இடம் காலியாகத்தான் இருக்கிறது. அவன் வரும்வரை, நீங்கள் வந்தால் அங்கே உட்காருங்கள்.