ஏழாம் நாள் பாகல் பாத்தி

முதலில் அவள் கிணற்றில் நீர் இறைக்கும் முறையைப் பறித்தார்கள். அடுத்து எருக்குழியைப் பறித்தார்கள். மூன்றாவதாக, அவள் கொத்திப் பண்படுத்திய தோட்டத்தையே பறித்தார்கள். பெரியோரே, சிறியோரே, இந்த வரிசையை நினைவில் வையுங்கள். பறிக்கிறவர்கள் எந்த நாட்டிலும் இப்படித்தான் வருவார்கள்.

வெகுகாலத்துக்கு முன் ஓர் அரசன் இருந்தான். அவன் மடைப்பள்ளிக்குக் காய்கறி விளைவித்தவள் செம்பாயி. பறித்தவன் மடைப்பள்ளி மணியக்காரன் தாண்டவன். அவளுக்கு மிஞ்சியது அரிசி கழுவிய நீர் ஓடும் மூலையில் ஒரே ஒரு பாத்தி.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஐப்பசியில் விதை வாங்கிய ஏழாம் நாள், பொழுது சாய்வதற்குள் முளை தெரிந்தால், சாட்சிகள் முன்னிலையில் ஓலையில் எழுதிய பெயரை வாசித்துப் பாத்தியை விதைத்தவருக்கே கொடுப்பார்கள். தெரியாவிட்டால் பாத்தி அரண்மனைக்குப் போகும். அதுவும் போனால் செம்பாயிக்குக் கால் வைக்க மண் இல்லை.

தாண்டவன் மற்றவர்களுக்குக் கீரை விதை கொடுத்தான். அது மூன்றே நாளில் முளைக்கும். செம்பாயிக்கு ஓடு தடித்த பாகல் விதையைக் கொடுத்தான். அது பத்து நாளானாலும் அசையாது.

“கசந்த வாய்க்குக் கசந்த காய். பொருத்தம்தானே, செம்பாயி?” என்றான்.

“பொருத்தம்தான், மணியக்காரரே. வயிற்றுப் பூச்சியைக் கொல்வதும் அந்தக் கசப்புத்தான்.”

அவள் விதைகளை ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து, மடியில் கட்டிக்கொண்டாள். இரண்டு நாள் தன் உடம்புச் சூட்டைக் கொடுத்தாள். மூன்றாம் நாள் விதைத்தாள். நான்காம் நாள் மழை அடித்தது. ஐந்தாம் நாள் வெயில் கொளுத்தியது. ஆறாம் நாள் மேல்மண் ஓடாக இறுகிவிட்டது.

தாண்டவன் ஒரு குச்சியுடன் வந்தான். “மண்ணைச் சற்றுக் கீறிவிடு. உன் நன்மைக்குத்தான் சொல்கிறேன்.”

செம்பாயிக்கும் பயம்தான். உள்ளே உயிர் இருக்கிறதா, அழுகிவிட்டதா? மூன்று முறை கை மண்ணை நோக்கிப் போனது. மூன்று முறையும் இழுத்துக்கொண்டாள்.

“கீறினால் முளையின் கழுத்து ஒடிந்துவிடும். குச்சி உங்களிடமே இருக்கட்டும், முதுகு சொறிய உதவும்,” என்று சொல்லிவிட்டு, விரல் நுனியால் நீரைத் தெளித்தாள்.

ஏழாம் நாள் அரசனும் மூன்று சாட்சிகளும் வந்தார்கள். சுற்றிலும் கீரை பச்சை விரித்திருந்தது. அவள் பாத்தி மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

“பெயரை அடித்துவிடலாமா, அரசே?” என்றான் தாண்டவன்.

“பொழுது இன்னும் சாயவில்லையே,” என்றாள் செம்பாயி.

காத்திருந்தார்கள். உச்சி தாண்டியதும் மண்ணில் மயிரிழையாக ஒரு வெடிப்பு விழுந்தது. உள்ளங்கை அகல மண்சில்லு பானை மூடிபோல மெல்ல எழும்பியது. அதன் அடியில் வளைந்த ஒரு வெண்கழுத்து. தலையில் விதையோட்டைச் சுமந்தபடி அது நிமிர்ந்தது. கை இல்லை, கருவி இல்லை, யாருடைய ஆணையும் இல்லை. கோட்டைக் கதவுகளை யானைகள் முட்டித் திறப்பதைக் கண்ட அரசன், அந்தச் சின்ன முளைக்கு முன்னால் மண்டியிட்டான்.

“ஒன்றுதானே, அரசே...” என்று தாண்டவன் தொடங்கினான்.

“மெதுவாகப் பேசு, தாண்டவா. உன் மூச்சுப் பட்டு ஒடிந்துவிடப் போகிறது,” என்றான் அரசன்.

பக்கத்தில் இன்னொரு சில்லு அசைந்தது. பிறகு இன்னொன்று. செம்பாயி தன் மடியை இரு கையாலும் பற்றியபடி குனிந்து அவற்றை எண்ணினாள்.

அவசரப்பட்டுக் கீறாமல் காத்திருப்பவரின் விதை, எவ்வளவு இறுகிய மண்ணையும் தூக்கிக்கொண்டு எழும்.

அரசன் ஓலையை வாங்கி, மூன்று சாட்சிகளும் கேட்க, தன் வாயாலேயே வாசித்தான்: “இந்தப் பாத்திக்கு உரியவள், செம்பாயி.”