எழுதாததெல்லாம் யாருக்கு?

ஏழு நாடுகள் கூடி ஒரு ராஜாவை வைத்துக்கொண்ட காலம் அது. படை, நாணயம், பெருவழி இந்த மூன்றும் ராஜாவுக்கு என்று செப்பேட்டில் வெட்டிக் கொடுத்திருந்தார்கள்.

ஐப்பசி அடைமழையில் அந்த ஏழில் ஒன்றான கருவேலி நாட்டு ஏரி ததும்பி நின்றபோது ராஜப்பிரதிநிதி கங்காதரர் தன் எழுத்தரோடு பல்லக்கில் வந்து இறங்கினார்.

"இனி ராஜா உத்தரவில்லாமல் மடை திறக்கக் கூடாது!"

மடை திறக்கிற சடச்சிக்குத் தூக்கிவாரிப் போட்டது. தலைநகர் போய்வர எட்டு நாள் ஆகும். கரையோ பொழுது சாயும்வரைகூடத் தாங்காது.

"சாமி, செப்பேட்டில ஏரி இல்லையே?"

"எழுதாததெல்லாம் ராஜாவுக்குத்தான், போ!"

ஊரே கரையில் கூடிவிட்டது. சடச்சி கும்பிட்டாள்.

"சரிங்க சாமி. வெள்ளத்துல முங்கி மடைக்கல்லைத் தூக்குறது யாருன்னும் எழுதலை. மடைக்கு உரியவர்தான் முங்கணும்னு வழக்கம். என் மாமனார் முங்கினார், திரும்பி வரலை. புருஷனும் வரலை. இன்னைக்கு ராஜாவுக்காக நீங்க வந்திருக்கீங்க. இந்தாங்க, இடுப்புக்கயிறு."

கங்காதரர் சுழித்தோடும் செந்நீரைப் பார்த்தார். இரண்டடி பின்வாங்கினார்.

"அது... மடையெல்லாம் உங்கள் நாட்டு விவகாரம்!"

சடச்சி அவருடைய எழுத்தர் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்கல்ல? அப்படியே எழுதி, ஐயாகிட்ட முத்திரை வாங்கிடுங்க."

முத்திரை விழுந்தது. அடுத்த கணம் சடச்சி கயிற்றைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு குதித்துவிட்டாள். கரையில் நின்றவர்கள் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்கள்.

மடை திறந்து அவள் தலை தூக்கியபோது, பல்லக்கு பெருவழியில் பறந்துகொண்டிருந்தது.

"ஓடட்டும்," என்றாள் சடச்சி. "அந்தப் பாதை அவங்களுதுதான். செப்பேட்டிலேயே இருக்கு."