கேட்டமரான்

மீன் சரியாக விழாத மாதம். கடற்கரை ஓட்டல் மேனேஜர் சுழிக்குப்பத்துக்கு வந்தார். "விருந்தாளிங்களை ஏத்திக்கிட்டுப் போக ஒரு கேட்டமரான் வேணும். நாளைக் காலையில கொண்டுவர்றவங்களுக்கு சீசன் முழுக்க வேலை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சூசை, மிக்கேல், இஞ்ஞாசி மூவரும் அலையோரத்தில் கிடந்த தங்கள் கட்டுமரத்தின் மேல் உட்கார்ந்து, கேட்டமரான் என்றால் என்ன என்று ஆராயத் தொடங்கினார்கள்.

"கேட்ட மரம்னு சொல்லியிருப்பாரு" என்றான் சூசை.

"யாரு கேட்டது?"

"அவருதான் இப்பக் கேட்டாரே!"

இஞ்ஞாசி படித்தவன். ஐந்தாம் வகுப்பை மூன்று வருஷம் படித்தவன். மாதா கோயில் அலமாரியிலிருந்து பழைய இங்கிலீஷ்-தமிழ் அகராதியைத் தூக்கிவந்தான்.

"ரெண்டு அர்த்தம் போட்டிருக்குடா. முதல்ல, மரங்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டிய மிதவை."

மூவரும் கரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்கள்.

"நம்மகிட்ட அது இல்லையே" என்று மிக்கேல், உட்கார்ந்திருந்த மரத்தைத் தட்டிப் பெருமூச்சு விட்டான். "ரெண்டாவது?"

"சண்டைக்காரி."

அச்சுப்பிழை அல்ல. நம் கரையிலிருந்து கப்பலேறிய சொல், இங்கிலாந்தில் கொஞ்ச காலம் அந்த உத்தியோகமும் பார்த்தது. சொல்லின் தலையில் 'கேட்' என்று ஒரு இங்கிலீஷ் பூனை உட்கார்ந்திருப்பது காரணமோ என்னவோ.

"அட, அது நம்ம வீட்லயே இருக்கு!" என்று மிக்கேல் துள்ளி எழுந்தான்.

மறுநாள் காலை அவன் மனைவி ரெஜினாள் மூவரோடும் ஓட்டல் வாசலில் நின்றாள்.

"கேட்டமரான் எங்கே?" என்றார் மேனேஜர்.

மிக்கேல் அவளைக் காட்டி விளக்கமும் சொன்னான்.

"கூறுகெட்டவனே! மீன் விலை பேசணும்னு கூட்டியாந்து என்னைச் சண்டைக்காரிங்கிறியா? இன்னிக்கு உனக்குச் சோறும் கிடையாது, கதவும் கிடையாது!"

"அசல் சரக்கு சார்" என்றான் சூசை பெருமையாக.

மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். "யோவ், இந்தக் காலத்துல கேட்டமரான்னா ரெண்டு! ஒரே அளவுல ரெண்டு, பக்கத்துல பக்கத்துல வச்சு இணைச்சிருக்கும். மத்தியானத்துக்குள்ள வரலேன்னா வேலை வேற ஊருக்கு!"

மூவரும் கரைக்கு ஓடிவந்து மறுபடியும் கட்டுமரத்தில் உட்கார்ந்தார்கள்.

"எதிர்வீட்டு பிலோமினா ஒரே அளவுதான்" என்றான் மிக்கேல்.

"வாயும் அதே அளவு" என்றான் சூசை. "ஆனா ரெண்டு பேரையும் சேர்த்துக் கட்டக் கயிறு வேணுமே?"

இஞ்ஞாசி குனிந்து பார்த்தான். "அடியிலேயே இருக்கே!"

அவிழ்த்தார்கள். அலை வந்து மரங்களை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு போனது.

"டேய், மரம் போகுதுடா" என்றான் மிக்கேல்.

சூசை கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டான். "போகட்டும் விடு. அவரு கேட்ட மரம் அது இல்லையே!"