ராஜாவுக்குச் சைபர்

மேலப்பனையூர் ஜமீன் சமையற்காரன் சீமைச்சாமிக்கு உருப்படியாகத் தெரிந்தது சீட்டாட்டம் ஒன்றுதான். அவன் வைக்கிற சாம்பாரே அதற்குச் சாட்சி.

ஜமீன்தாருக்கு ஒருநாள் இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம் பழக ஆசை வந்தது. சீமைச்சாமி சீட்டுக்கட்டைக் கலைத்து, அவரை வெட்டச் சொல்லி, இருவருக்கும் சீட்டுப் போட்டான். ஜமீன்தார் மீசையை முறுக்கிக்கொண்டு இஸ்பேட் ராஜாவை இறக்கினார். சீமைச்சாமி இஸ்பேட் ஜாக்கியைப் போட்டு அதை எடுத்துக்கொண்டான்.

"ஜாக்கி வெறும் சேவகன்டா. அவன் ராஜாவைத் தூக்குறதாவது?"

"இந்த ஆட்டத்துல ஜாக்கிக்கு மூணு புள்ளி, ராஜாவுக்குச் சைபர், எஜமான்."

"இனிமே ராஜாதான் பெரிசு. சம்மதமில்லேன்னா வேலையை விட்டுப் போ."

"என் மரமண்டைக்கு இது தோணலை பாருங்க. இந்தக் கையிலேயே மாத்திக்கலாமா?"

"இப்பவே மாத்து."

சீமைச்சாமி பணிவாகத் தன் சீட்டுகளை விரித்தான். மிச்சமிருந்த மூன்று ராஜாக்களும் அங்கே இருந்தார்கள். ஜமீன்தார் தன் கையைப் பார்த்தார். மூன்று ஜாக்கிகள்.

முறுக்கிய மீசையை இறக்கிவிட்டுக்கொண்டார். "சரி, ஜாக்கியே பெரிசா இருந்துட்டுப் போகட்டும்."

"உத்தரவு எஜமான்," என்று எழுந்தான் சீமைச்சாமி. "சேவகனே பெரிசுன்னு உங்க வாயாலயே சொல்லிட்டீங்க. இனிமே சாம்பாரைக் குறை சொல்லப்படாது."